பெட்டி நம்பரும் குமிழ் நம்பரும்

அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

அறுபதுகளின் கடைசியில் திருச்சியில் நான் வேலை பார்த்த ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. விவரங்களைக் கார்டில் ஓட்டை போட்டுப் பதியும் பஞ்ச் ஹாலிலிருந்து மெஷின் அறைக்கு ஆபரேட்டராகப் போன முதல் பெண் நான். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போதெல்லாம் கர்வமாக இருக்கும்.

அறையில் காந்த டேப்பை மாட்டி ஓட்டும் பெட்டிகள் பீரோ உயரத்துக்கு வரிசையாக நிற்கும். புரோகிராம் ‘ஒன்றிலிருந்து படி, இரண்டில் எழுது’ என்று மட்டும்தான் கேட்கும். எந்தப் பெட்டி ஒன்று, எது இரண்டு என்பதை அதன் முகப்பில் இருக்கும் குமிழ் தீர்மானிக்கும். ஒரு பெட்டி பழுதானால் அடுத்ததன் குமிழைத் திருப்பிவிட்டால் போதும், புரோகிராமைத் தொட வேண்டாம். எங்கள் சூப்பர்வைசருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. பெட்டிகளின் நெற்றியில் வெள்ளை பெயிண்டால் வரிசையாக நம்பர் எழுதிவிட்டார். நாங்களும் அதைப் பார்த்தே டேப் மாட்டப் பழகினோம். டேப்பின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருந்தால்தான் அதில் எழுத முடியும். அழியக் கூடாத டேப்பில் அதைக் கழற்றிவிட வேண்டும். அதெல்லாம் வெட்டி வேலை, எல்லாவற்றிலும் மாட்டியே இருக்கட்டும் என்று சொன்னவரும் அவரே.

ஆயுத பூஜைக்கு அவரே ஈரத்துணியால் பெட்டிகளைத் துடைத்தார். குமிழ்களுக்குக்கூடச் சந்தனம் வைத்தார். லீவு முடிந்த காலை, ஸ்டோர் சாமான் பட்டியல் இருந்த டேப்பை ஒன்றாம் பெட்டியிலும் புது டேப்பை இரண்டிலும் மாட்டி ஓட்டினேன். பட்டியல் மொத்தமும் அழிந்தது. குனிந்து பார்த்தால், ஒன்றாம் பெட்டியின் குமிழ் இரண்டில் நிற்கிறது. இரண்டாவதன் குமிழ் ஒன்றில். மெஷின் புது டேப்பைப் படித்து, பட்டியல் மேலேயே எழுதியிருக்கிறது.

“சார், குமிழைத் திருப்பினீங்களா?” என்றேன்.

“ஆயுத பூஜைம்மா. துடைச்சேன், அவ்வளவுதான்.”

நான் போய் மேனேஜரை அழைத்து வருவதற்குள் குமிழ்கள் பழைய இடத்துக்கு வந்திருந்தன. “பொண்ணுங்களுக்கு இதெல்லாம் சரிப்படாதுங்க. மாத்தி மாட்டிடுச்சு” என்றார் சூப்பர்வைசர். அன்று மத்தியானமே என்னைப் பஞ்ச் ஹாலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர் அழித்த பட்டியலை நானும் மற்றப் பெண்களும் கார்டு கார்டாக மறுபடி அடித்தோம். ஒரு கார்டு விடாமல் மனசுக்குள் அவரைத் திட்டினேன்.

அடுத்த ஆயுத பூஜை வரை காத்திருந்தேன். பட்டியல் டேப்பையும் மெஷின் அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். எல்லோரும் சுண்டலுக்கு நின்றபோது, குங்குமம் வைப்பதுபோல் குனிந்து அதன் வளையத்தைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். பட்டியல் அழியக் கூடாது. அழிந்தால் திரும்ப அடிக்கப்போவது நாங்கள்தான். பிறகு ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு குமிழ்களையும் மாற்றித் திருப்பினேன்.

லீவு முடிந்த காலை தலைமை ஆபீசிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் சூப்பர்வைசரே பெயிண்ட் நம்பரைப் பார்த்து டேப் மாட்டினார். மெஷின் எழுத மாட்டேன் என்று நின்றுவிட்டது. கழற்றினார், மாட்டினார், வியர்த்து வழிந்தார். கடைசியில் கார்டு தப்பு என்று எங்கள் ஹால் மேல் பழியைப் போட்டார். என்னைக் கூப்பிட்டார்கள்.

“கார்டு சரிதாங்க. புரோகிராம் பெயிண்டைப் பார்க்காது, குமிழைத்தான் பார்க்கும். பாருங்க, ஒண்ணாம் பெட்டி இப்ப ரெண்டு.”

மேனேஜர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சூப்பர்வைசரிடம், “அப்ப போன வருஷமும் இதுதானா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சுண்டலைவிட ருசியாக இருந்தது.

மறுவாரம் நான் மெஷின் அறையில் இருந்தேன். சூப்பர்வைசர் பிளேடால் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் உதவிக்குப் போகவில்லை. கடைசி நம்பருக்கு வந்தபோது, தலையைத் திருப்பாமல் கேட்டார்.

“நீதானம்மா திருப்பினது?”

“ஆயுத பூஜை சார். துடைச்சேன், அவ்வளவுதான்.”