இரண்டாவது விளக்கு

ஆம்பூரில் மண்ணெண்ணெய் வண்டி தள்ளியவர் அவர். கறை படிந்த காக்கிச் சட்டை போட்டிருப்பார். புனலில் கடைசிச் சொட்டு விழும்வரை பொறுமையாக நிற்பார். கப்பலில் வரும் எண்ணெய்க்கு அந்த வருடம் விலை ஏறியது. இனி விற்காது என்று ஆம்பூரின் பங்கைக் குறைக்க நினைத்தது வேலூர்க் கிடங்கு. அங்கிருந்து விசாரிக்க வந்த குமாஸ்தா நான். இந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"இன்னா சார், விலைய மட்டும் பாக்குறீங்க? தோல் பதனிடுற ஷாப்புல கூலியும் ஏறிப்போச்சே! முன்னல்லாம் ஊட்டுக்கு ஒரு வெளக்கு. இப்ப புள்ளைங்க படிக்க இன்னொண்ணு வச்சிருக்காங்க. சோத்தக் கம்மி பண்ணாலும் பண்ணுவாங்க, அந்த வெளக்க அணைக்க மாட்டாங்க" என்றார், ஊரே தன் வீடு என்பதுபோல் நிமிர்ந்து.

அதையே எழுதிக் கொடுத்தேன். பங்கு குறையவில்லை, வந்த எண்ணெய் முழுவதும் விற்றுப்போனது. மேலாளர் என்னைத்தான் பாராட்டினார். அந்தப் பாராட்டை என்னுடையதாக இன்றுவரை நினைக்க முடியவில்லை.