மரம் தெலுங்கில் சொல்ல வேண்டும்

பணம் வந்ததை அறிவிக்கும் ஒலிப்பெட்டி கல்லாவுக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்பது அதன் கையேட்டின் முதல் விதி. தீவு ஊரான ரங்கத்தின் பேருந்து நிலையத்தில் ஐந்து கடைகளின் பெட்டிகளும், ஆடி மழைக்குப் பிளாஸ்டிக் பை போர்த்தியபடி, ஒரே பலா மரத்தில் தொங்குகின்றன. சிக்னல் அங்கு மட்டும்தான் கிடைக்கிறது. சிறு வணிகர்கள் பொது வசதியைப் பகிர வேண்டும் என்று தொழில் துறையில் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். மரம் எனக்குத் தோன்றியதே இல்லை.

"எது உங்க பெட்டின்னு எப்படித் தெரியும்?" என்று டீக்கடை தங்கத்திடம் கேட்கிறேன்.

"கடைக்கு ஒரு பாஷை சார். தமிழை ஹார்டுவேர் அண்ணாச்சி முந்திக்கிட்டார். எனக்குத் தெலுங்குதான் மிச்சம். நூறு வரைக்கும் கத்துக்கிட்டேன்."

டீக்கும் வடைக்கும் முப்பது ரூபாயைக் கைப்பேசியில் அனுப்புகிறேன். மரம் பேசவில்லை. என்னிடம் சில்லறையும் இல்லை. தங்கம் நேராகப் போய் நான் ஏற வேண்டிய பேருந்தின் முன்னால் நிற்கிறார்.

"தீதி, கான்வாய் சூட் ஜாயேகா!" அக்கா, அணி தவறிவிடும் என்று ஓட்டுநர் இந்தியில் அலறுகிறார். காட்டுச் சாலையில் வண்டிகள் அணியாகத்தான் போகலாம். இதை விட்டால் அடுத்த அணிவரை காத்திருக்க வேண்டும்.

"மரம் சொல்லட்டும் பையா. போன வாரமும் ஒருத்தர் இப்படித்தான் ஏறிப் போயிட்டார்."

மரம் பேசினால் கேட்க வேண்டுமே என்று ஓட்டுநர் எஞ்சினை அணைக்கிறார். பேருந்தே காதைத் தீட்டிக்கொள்கிறது. மலையாளத்தில் நூறு வருகிறது, வங்காளத்தில் இருபது. கடைசியில் ஓட்டுநரே முப்பது ரூபாயைத் தங்கத்தின் கையில் திணிக்கிறார். தங்கம் என் எண்ணைக் குறித்துக்கொண்டு வழிவிடுகிறார்.

"முப்பை ரூபாயலு! மரம் சொல்லிருச்சு சார், டிரைவர் பையாகிட்ட திருப்பிக் குடுத்தாச்சு" என்று அவர் என்னை அழைத்துச் சொன்ன நாள் விஜயதசமி.