தூங்கிய மானிட்டரும் உப்புக் காற்றும்

தீவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவனிடம் எப்போதும் ஸ்டாக் இருக்கும் ஒரே சாமான் உப்புக் காற்று. மற்றதெல்லாம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். காரணம் புரியாத எந்தப் பழுதுக்கும் 'உப்புக் காத்து சார்' என்றால் போதும், எதிரில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகாக்களே, நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நான் சொன்ன ஒன்றை நினைத்தால் இன்றும் எனக்கு முகம் சுடுகிறது.

ஒரு கேள்வி

என் கடையிலிருந்து போட்டில் போக வேண்டிய ஹேவ்லாக் தீவில் ஒரு சின்ன ரிசார்ட். அங்கே ரிசப்ஷனில் இருந்தவர் தங்கமணி அக்கா. லாண்ட்ரியில் வேலைக்குச் சேர்ந்து, தானாகவே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு அந்த நாற்காலிக்கு வந்தவர். புதுக் கம்ப்யூட்டர் மாட்டிய பிறகு மானிட்டர் இருண்டு போய்விட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். மவுஸை ஆட்டினேன், எல்லா பட்டனையும் அமுக்கினேன், ஒன்றும் வரவில்லை. மூலையில் சின்ன விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தது.

பிளக்கைப் பிடுங்கிப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு மேஜைக்கு அடியில் நுழைய வேண்டும். திரும்பும் போட்டுக்கோ நேரமாகிக்கொண்டிருந்தது. "உப்புக் காத்து, பேனல் போயிடுச்சு" என்றேன். முதலாளி நம்பாத மாதிரி பார்த்தார். சுற்றிலும் ஊழியர்கள் வேறு நின்றார்கள். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நான் அக்கா பக்கம் திரும்பி, ஈரத் துணியால் துடைத்தீர்களா என்று கேட்டுத் தொலைத்தேன். அக்கா முதலாளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் துடைக்கிறதுதானே தம்பி?"

கடை மேஜையில்

அந்த மானிட்டரைப் போட்டில் தூக்கி வந்து, அபர்டீன் பஜாரில் என் கடையில் பழைய வி.ஜி.ஏ. கேபிளில் மாட்டினேன். பளிச்சென்று எரிந்தது. செத்தே போகவில்லை, தூங்கியிருக்கிறது. புதுக் கம்ப்யூட்டரோடு வந்தது டிஸ்ப்ளே போர்ட் கேபிள். அதில் சில மானிட்டர்கள் ஆழ்ந்து தூங்கினால், மானிட்டரே இல்லை என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டிவிடும். பிறகு மவுஸை எவ்வளவு ஆட்டினாலும் மானிட்டர் எழாது. பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துப் போட்டு, மானிட்டர் மெனுவில் 'டீப் ஸ்லீப்'பை ஆஃப் செய்தால் தீர்ந்தது.

உடனே போன் செய்திருக்கலாம். ஆனால் சென்னையிலிருந்து புது மானிட்டர் கப்பலேறிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து அதை மாட்டப் போனபோது ரிசப்ஷனில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அக்கா பின்பக்கம் பெட்ஷீட் பிழிந்துகொண்டிருந்தார். என்ன அக்கா இங்கே என்று கேட்கிற அளவுக்கு எனக்குத் தோல் தடித்திருந்தது.

"ஈரத் துணின்னு சொன்னீங்கல்ல தம்பி, இப்ப நாள் முழுக்க ஈரத் துணிதான்."

மன்னிப்பு

மூன்றாம் நாள் முதலாளி போன் செய்தார். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் பாதி இந்தி. "அரே பாய், நயா மானிட்டரும் இருட்டாயிடுச்சு! இப்ப யாரு கீலா கப்டா, ஈரத் துணி போட்டது?" அதே கேபிள், அதே தூக்கம். இந்த முறை போனிலேயே பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன், மெனுவை மாற்றச் சொன்னேன். எரிந்துவிட்டது. அப்படியானால் பழையதும் இப்படியே சரியாகியிருக்குமா என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. "இல்ல சார், அது உப்புக் காத்து" என்றேன்.

"சரி, அந்தத் தங்கமணிய நான் மாஃப் பண்ணிட்டேன் பாய், ஆனா கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் விடமாட்டேன்."

ஆமை ஸ்டிக்கர்

ஒரு மாதம் கழித்து, பஜாருக்கு வந்த அக்கா, தன் மகளுக்கு ஹெட்போன் வாங்க என் கடைக்குள் நுழைந்தார். என் மேஜையில் அந்தப் பழைய மானிட்டர் எரிந்துகொண்டிருந்தது. அதன் மூலையில் அவர் மகள் ஒட்டிய பச்சை ஆமை ஸ்டிக்கர். பிரித்துப் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அக்கா அந்த ஆமையை விரலால் தடவிப் பார்த்தார். நானே எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அந்த ஐந்து நிமிடம் போல வாழ்க்கையில் நான் கூனிக் குறுகியதில்லை. இப்போதே முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன் என்று போனை எடுத்தேன். அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"போன்ல வேண்டாம் தம்பி. எல்லார் முன்னாடியும்தானே கேட்டீங்க, எல்லார் முன்னாடியும் வந்து சொல்லுங்க. நாளைக்குக் காலைல போட் இருக்கு."

மறுநாள் போட்டில் போய் ரிசப்ஷனில் எல்லார் முன்னாலும் சொன்னேன், அக்கா அவர் நாற்காலிக்குத் திரும்பினார், என் கடையில் அன்றோடு உப்புக் காற்று ஸ்டாக் தீர்ந்தது.