ஒரு நாள் மூடிய நாஷ்டா கடை

கும்மிடிப்பூண்டியில் கம்பெனி கேட்டுக்கு எதிரே நாஷ்டா கடை வைத்திருக்கிறேன். ஒடிசா ஆட்கள் வேலைக்கு வந்த பிறகுதான் கடை நிமிர்ந்தது. அவர்களுக்காகவே சப்பாத்தி போடப் பழகினேன்.

"நெலம் குடுத்தது நாம, வேலை மட்டும் வெளியூர்க்காரனுக்கா?" என்று ஊரே கேட்டில் உட்கார்ந்த அன்று, நானும் கடையை மூடிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரருக்கும் வேலை வேண்டுமே! கம்பெனி பணிந்தது. இனி உள்ளூர் ஆட்கள் மட்டும்தான் என்றார்கள்.

ஒடிசாக்காரர்கள் ஊருக்குக் கிளம்பும்போது பையோடு வந்து சாப்பிட்டார்கள். "அக்கா, அன்னிக்கு கடை மூடி. உடம்பு சரியில்லையா?" என்று ஒருவன் கேட்டான்.

தலைவலி என்றேன். சாப்பிட்டு எழுந்தவன் மெடிக்கலுக்குப் போய் மாத்திரை வாங்கி வந்து கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினான்.

இப்போது கேட்டுக்குள் போகிறவர்கள் எல்லோரும் வீட்டுச் சாப்பாட்டைக் கையோடு கொண்டு வருகிறார்கள். என் வீட்டுக்காரருக்கும் நான்தான் கட்டிக் கொடுக்கிறேன். நேற்று அவர், "யாவாரமே இல்ல, கடையை மூடிட்டா இன்னா?" என்றார்.

"ஒரு நாள் மூடுனதே ஏழு ஜென்மத்துக்குப் போதும்" என்று எரிந்து விழுந்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.