குடம் வரிசையில், நான் முழங்காலில்

எங்கள் தலைப்பிள்ளை பிறந்த வருடம் திண்டுக்கல்லில் தண்ணீர்ப் பஞ்சம். எந்த வருடம் பஞ்சம் இல்லை என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். தெருக்குழாயில் விடியற்காலை சற்று நேரம் தண்ணீர் வரும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். நமக்குப் பதிலாகக் குடம் நிற்கும். ஆனால் முறை வரும்போது ஆள் இல்லையென்றால் அடுத்த குடம் முன்னே போய்விடும். என்னைப் போல வாத்தியார் என்றாலும் அதே சட்டம்தான்.

பிரசவம் சிக்கலாகி, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது நான் ஒரு பொருத்தனை செய்திருந்தேன். இரண்டு உயிரும் பிழைத்தால் தினமும் விடியலில் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் செலுத்துவேன் என்று. இரண்டும் பிழைத்தன. ஆண்டவர் தம் பங்கைச் செய்துவிட்டார். என் பங்கை நான் கொஞ்சம் அதிகமாகவே செய்தேன். தெருவுக்கும் சாட்சியாக இருக்கட்டுமே என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன். சிறுமலைக் காற்றில் தொடங்கி, மனைவி, பிள்ளை என்று வந்து, சைக்கிள் பஞ்சராகாததற்கும் நன்றி சொல்லித்தான் முடிப்பேன்.

பிள்ளை பார்க்க வந்திருந்த மாமியார் ஒருநாள், "மாப்ள, செத்த மெதுவா. பச்சப்பிள்ள முழிச்சுக்கிருது" என்றார். அவருடைய விசுவாசம் பெருகும்படி அன்று அவருக்காகவும் உரக்க ஜெபித்தேன்.

ஒரு நாள் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டவும் மனைவிக்கு வெந்நீர் வைக்கவும் அன்றைக்கு வரும் ஒரு குடம்தான். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. உடனே அதற்கும் நன்றி சொல்லத் தொடங்கினேன்.

தெருக்கோடி வீட்டுக்காரம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று, "வாத்தியாரே, ஒங்க மொற வந்துருச்சு" என்றார்.

கண்ணைத் திறக்காமல், பொறுங்கள் என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். வகுப்பில் பையன்கள் வெளியே போக அனுமதி கேட்டுக் காட்டும் விரல் அது என்பது பிறகுதான் உறைத்தது.

தண்ணீரிலிருந்து மழைக்கும், மழையிலிருந்து நோவா காலத்து வெள்ளத்துக்கும் போய்விட்டு நான் ஆமென் சொன்னபோது குழாய்ச் சத்தம் அடங்கியிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். குழாய் நின்றுவிட்டது. சில காலிக் குடங்கள் கிடந்தன. என் குடத்தைக் காணோம்.

வீட்டுக்குள் பிள்ளை அழுதது. மாமியார் காலி அண்டாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கட்டிலில் கிடந்த மனைவி, "தண்ணி கெடச்சுச்சாங்க?" என்று கேட்டாள். நாக்கு உலர்ந்த குரல். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளுக்காகத்தானே அத்தனை ஸ்தோத்திரமும்.

அப்போது கோடி வீட்டுக்காரம்மா வாசலில் வந்து நின்றார். இடுப்பில் என் குடம், நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. வரிசையில் என் குடத்தை நகர்த்தினார் என்று போன வாரம்தான் அவரை நடுத்தெருவில் வைத்துச் சத்தம் போட்டிருந்தேன்.

"எங்குடத்தத் தள்ளி வச்சுட்டு ஒங்களுதப் பிடிச்சேன். பிள்ள குளிக்கணும்ல" என்றார். குழாயடியில் கிடந்த காலிக் குடங்களில் ஒன்று அவருடையது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று கூரையைப் பார்த்துச் சொன்னேன். பழக்கதோஷம்.

மனைவி கட்டிலிலிருந்தே சொன்னாள். "மேல என்னத்தப் பாக்குறீங்க? தண்ணி கொண்டாந்தவுக வாசல்ல நிக்கிறாக."

திரும்பினேன். "போன வாரம் நான் பேசுனது..." என்று இழுத்தேன்.

"அது கெடக்கட்டும் வாத்தியாரே. மொதல்ல குடத்தப் புடிங்க, இடுப்பு நோவுது."

மறுநாள் விடியலில் குழாயடியில் நின்றேன், கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு. என் முறையில் முதலில் அவர் குடத்தைப் பிடித்தேன். அதைக் கொண்டுபோய் அவர் வாசலில் இறக்கி வைக்கும்போதுதான், அன்றைக்கு ஸ்தோத்திரம் சொல்ல மறந்தது நினைவுக்கு வந்தது.