இடப்பக்க விளக்கு

"கொஞ்சம் வலப்பக்கம். ஐயோ, அதிகமாப் போச்சுலா, திரும்பி வா. டியாம்! ஆடாம அப்படியே இரு" என்று சொல்லிக்கொண்டே தம்புசாமி, முக்காலியில் இருப்பவரின் முகவாயை இரண்டு விரலால் பிடித்துத் திருப்புகிறார். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும்தான். வந்தவர் போலீஸ் இன்ஸ்பெக்டராக இருக்கட்டும், பால்மரக் காட்டிலிருந்து வந்த புது மாப்பிள்ளையாக இருக்கட்டும், மலாக்கா பக்கத்து ஜாசின் பட்டணத்து மாடி ஸ்டுடியோவில் உட்கார்ந்துவிட்டால் தாடை அவருக்குச் சொந்தம். திருப்பி வைத்துவிட்டு நாலடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பார்ப்பது ஆளை அல்ல, மூக்கின் நிழலை. அது மேலுதட்டைத் தொட்டால் மீசை இல்லாதவனுக்கும் மீசை முளைத்துவிடும் என்பது அவர் கட்சி.

இந்தப் பைத்தியம் ஸ்டுடியோவோடு நின்றாலும் பரவாயில்லை. சீனன் காப்பிக்கடையில் எதிரே இருப்பவர் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லிக் கண் கலங்கிக்கொண்டிருப்பார். இவர் ரொம்ப அக்கறையாகக் கேட்டுவிட்டு, "நாற்காலிய சன்னல் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போடுங்க, மூஞ்சி ரெண்டாப் பிரியுது" என்பார். மாரியம்மன் கோயில் பூசாரி இவரைத் தூரத்தில் கண்டாலே விளக்கை இறுகப் பிடித்துக்கொள்கிறார். ஒருநாள் சாமி கும்பிட வந்தவர், அம்மன் முகவாய்க்குக் கீழே இருட்டடிக்கிறது என்று குத்துவிளக்கை நகர்த்தி வைத்துவிட்டுப் போனாராம்.

மனைவி கமலவேணிக்கும் இந்தத் தொழிலில் பங்குண்டு. பழைய எட்டுமுழ வேட்டி ஒன்றை மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். விளக்கின் வெளிச்சம் அந்த வேட்டியில் பட்டுத் திரும்பி, முகத்தின் இருண்ட பக்கத்தில் மெதுவாக விழவேண்டும். சட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வருஷமாக நிற்பவர் கமலவேணி. "அரை அடி கிட்ட வா" என்றால் அளந்து வைத்தமாதிரி அரை அடி வருவார். "கை கடுக்குறது எனக்கு, பேரு வாங்குறது இவரு" என்று வாடிக்கையாளரிடமே சொல்லுவார். தம்புசாமி காதில் விழாதமாதிரி இருந்துவிடுவார்.

ரப்பர்த் தோட்டத்து ஜனங்களுக்கும் இவருக்கும் நிழல் விஷயத்தில் ஒத்தே வராது. "என்னாங்க இது, கிரகணம் புடிச்சமாதிரி பாதி மூஞ்சி கறுப்பா இருக்கு? கல்யாணப் படம்லா!" என்று சண்டைக்கு வருவார்கள். பெண்ணைப் பெற்றவர்களுக்கு இரண்டு காதுத் தோடும் தெரிந்தாக வேண்டும். ஒரு காது மறைந்தால் ஒரு தோடுதான் போட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு வந்துவிடுமாம். தம்புசாமி முணுமுணுத்துக்கொண்டே நேராக உட்காரவைத்து அவர்கள் கேட்டபடி எடுத்துக் கொடுப்பார். அன்று பகல் சாப்பாடு அவருக்கு இறங்காது.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை மூண்டு, அவசரகாலச் சட்டம் வந்து எல்லோருக்கும் அடையாளக் கார்டு என்றபோது அவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். முகத்தில் நிழல் கூடாது, பின்னால் வெள்ளைத் துணி, பார்வை நேராக என்று உத்தரவு. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இரண்டு விளக்கை ஏற்றிவைத்து, ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேர். "இது போட்டோ இல்லலா, செவுத்துக்கு வெள்ளையடிக்கிற வேல" என்று புலம்பிக்கொண்டே எடுத்தார்.

அந்தக் கூட்டத்தில்தான் வேலாயி வந்தாள். செலண்டார் பக்கத்துத் தோட்டம். ரப்பர்ப் பால் உறையவைக்கும் ஆசிட் எப்போதோ தெறித்து, இடது கண்ணோரத்திலிருந்து தாடை வரைக்கும் தோல் சுருங்கிப் போயிருந்தது. எப்போதும் முந்தானையால் கன்னத்தை மூடியே நடப்பவள். கார்டுக்கு மூடக்கூடாது என்றதும் முந்தானையை எடுத்தாள். தம்புசாமி பார்த்தார். நேரே போய் அவளுக்கு இடப்பக்கம் நின்ற விளக்கை அணைத்தார். வலப்பக்கத்து விளக்கைச் சற்று உயர்த்தி, தாடையை இரண்டு விரலால் திருப்பினார். தழும்பு முழுவதும் நிழலுக்குள் போய்விட்டது. பதிவு ஆபீஸ் நெரிசலில் படத்தை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. கார்டில் ஒட்டி முத்திரையும் குத்திவிட்டார்கள். அறுபது வெள்ளையடிப்புக்கு நடுவே ஒரு படம் எடுத்த சந்தோஷத்தில் அன்று அவர் இரண்டு காப்பி குடித்தார்.

இரண்டு வருஷம் அந்தக் கார்டை வேலாயி துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தாள். தோட்டத்து வாசல் காவலாளிக்கு அவளை முகம் தெரியும். கார்டைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. வந்த வினை வேறு வழியாக வந்தது. அவள் மகள் ராஜம்மா, பதினொரு வயது, கால் முறிந்து மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க விடுவார்கள். பஸ்ஸில் போனவளை நடுவழியில் சிப்பாய்கள் இறக்கினார்கள். கார்டைப் பார்த்தார்கள், முந்தானையை விலக்கச் சொல்லி முகத்தைப் பார்த்தார்கள். கைரேகையை ஒத்துப் பார்க்க ரோட்டில் யாருக்குப் பொறுமை? "இது யாரோட கார்டு? திருடுனியா?" என்று கூட நின்ற போலீஸ் மாத்தா கேட்டான். அடுத்த ஞாயிறும் அதே கதை. இன்னொரு தடவை இந்தக் கார்டோடு வந்தால் லாக்கப்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். பிள்ளை அங்கே இரண்டு ஞாயிறாக வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

போன வெள்ளிக்கிழமை காலை தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சாமிநாதன் அவளைத் தோட்டத்து லாரியில் ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்தார். புதுப் படம் இருந்தால் பதிவு ஆபீசில் மறுநாளே கார்டை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கிராணி நடந்ததைச் சொல்லச் சொல்லத் தம்புசாமி பழைய கார்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் என்னாலதான் தங்கச்சி. நல்லது பண்றேன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

"நீங்க படம் எடுத்தீங்க. அவங்க கேட்டது அடையாளம்" என்றார் கமலவேணி, வேட்டிச் சட்டத்தைச் சுவரில் சாத்தியபடியே. அன்றைக்கு அது தேவைப்படாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு விளக்கும் எரிந்தன. வேலாயி முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தம்புசாமி கேமராவின் கறுப்புத் துணிக்குள் நுழைந்தார், வெளியே வந்தார், விளக்கைத் தொட்டார், மறுபடி நுழைந்தார்.

"எடுங்கண்ணே. நான் ஆடமாட்டேன்" என்றாள் வேலாயி.

எடுத்தார். தழும்பின் ஒவ்வொரு சுருக்கமும் கண்ணாடித் தகட்டில் விழுந்திருக்கும். நெகட்டிவ்வில் மச்சம் மருவை மறைக்கிற பென்சிலை எடுத்துக் கிராணியின் கண்ணெதிரே மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பிறகு, யாரும் கேட்காமலே இன்னொரு தகட்டைக் கேமராவில் செருகினார்.

"இது கார்டுக்கு இல்ல. பிள்ளைக்கு. ஆஸ்பத்திரியில தலைமாட்டுல வச்சுக்கட்டும்" என்று சொல்லி, வழக்கம்போல் போய் அவளுக்கு இடப்பக்கத்து விளக்கை அணைத்தார். கமலவேணியும் வேட்டிச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வேலாயி முக்காலியை விட்டு எழுந்தாள். விளக்கின் சுவிட்ச் எங்கே என்று தேடிப் பார்த்துத் தானே அதைப் போட்டாள். இடது கன்னம் பளிச்சென்று தெரிந்தது.

"எரியட்டும்ண்ணே. எம்மவ இந்தக் கன்னத்தத் தடவிக்கிட்டேதான் தூங்குவா. இது இல்லன்னா, அவளும் அந்தச் சிப்பாய் மாதிரி யாருன்னு கேப்பா."

திரும்ப வந்து உட்கார்ந்து, முகத்தைச் சற்று வலப்பக்கம் திருப்பி, இடது கன்னத்தை அவளே கேமராவின் பக்கம் காட்டினாள். மூக்கின் இருபுறமும் இரண்டு நிழல் விழுந்தது. ஒன்று மேலுதட்டைத் தொட்டது. தம்புசாமியின் இரண்டு விரல்களும் அவள் தாடையை நோக்கி நீண்டன. பாதி வழியில் நின்றன. கையை மடக்கி, கட்டியிருந்த வேட்டியில் துடைத்துக்கொண்டு, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.