காலியாக எடுத்துப் போகும் பெட்டி

நாளை சாயங்காலம் செங்கல்பட்டில் ரயில் ஏற வேண்டும், தூத்துக்குடிக்கு. கட்டிலின் மேல் இரண்டு பெட்டிகள் திறந்து கிடக்கின்றன. சின்னதில் என் துணிமணி: நாலு காட்டன் புடவை, இரண்டு நைட்டி, சீக்கிரம் காய்கிற மெல்லிசுத் துண்டு, வேர்க்குருவுக்குப் பவுடர், ஒரு பனையோலை விசிறி. பெரிய பெட்டியில் ஒன்றுமில்லை. அதில் எதையும் வைக்கக் கூடாது என்று காலையிலிருந்து என் கைகளோடு நானே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெட்டி அடுக்குவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். புடவை மடிக்கிற வேலை. ஒரு கல்யாணக் கூட்டம் வந்தால் முப்பது புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு, "அப்புறம் வர்றோம்" என்று போய்விடும். முப்பதையும் மறுபடி மடிப்பது என் வேலை. சரிகை உள்பக்கம் போக வேண்டும். போன தடவை மடிப்பு விழுந்த இடத்தில் இந்தத் தடவை விழக் கூடாது. கடலோர ஊர்க்காரர்கள் வந்தால் தனியாகச் சொல்லி அனுப்புவேன், பிளாஸ்டிக் கவரில் வைக்காதீர்கள், பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள், உப்புக் காற்றில் சரிகை கறுத்துவிடும் என்று. எந்த ஊருக்கு எதை எப்படி எடுத்துப் போக வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், பெற்ற மகள் கேட்ட ஒன்றை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அது போன வருஷம், இதே கத்திரி வெயில் சமயம். மகளுக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்ப இன்னும் ஒரு மாதம் இருந்தது. மருமகனுக்குத் துறைமுகத்தில் வேலை. கல்யாணமான கையோடு அவளைத் தூத்துக்குடிக்கு அழைத்துப் போய்விட்டார். நான் முதல்முறையாக அங்கே போகப் போகிறேன் என்று போனில் சொன்னேன். என்ன எடுத்து வரட்டும் என்று கேட்டேன்.

"இங்க ஒரே புழுக்கம்மா. காட்டன் மட்டும் எடுத்துக்கினு வா. அப்பறம், அந்தப் பெரிய பெட்டி இருக்குது இல்ல, அத எடுத்துக்கினு வா. காலியா எடுத்துக்கினு வா."

"காலியாவா? எதுக்குடி?"

"பீரோல இருக்கிற துணியெல்லாம் பூசணம் புடிக்குதும்மா. கொஞ்சம் துணிய அங்க கொண்டாந்து வச்சிடலாம்னு."

அவளுடைய போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து மருமகன், "நல்லா இருக்கீங்களா அத்தை?" என்று கேட்பார். கடை முடிந்து வந்து நான் எந்த நேரத்தில் பேசினாலும் கேட்பார். எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று கடையில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போயிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் வீடுகளில் பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக்கூடக் காலியாகத் திருப்பித் தர மாட்டோம். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவோம். கடையில் யாராவது காலி அட்டைப்பெட்டி கேட்டால், முதலாளியம்மா உள்ளே ஒரு மஞ்சள் கிழங்கைப் போட்டுத்தான் கொடுப்பார். அப்படியிருக்க, மகள் வீட்டு வாசலில் காலிப் பெட்டியோடு போய் நிற்பதா? வருஷம்கூட நிறையாத பெண் வீட்டுக்கு? அவளுக்கு விவரம் போதாது, ஏதோ உளறுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நிரப்பினேன். மாடியில் மூன்று நாள் நின்று கூழ் வடாம் பிழிந்து காயவைத்தேன். வெங்காய வடகம், மோர்மிளகாய், இரண்டு ஜாடி ஊறுகாய், மருமகனுக்கு வேட்டி சட்டை. கிளம்பும் அன்று காலையில் வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் போய் இட்லி வாங்கி வந்து, இலையோடு சுற்றி மேலாக வைத்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் அவளுடைய கல்யாணப் பட்டு. உப்புக் காற்று வேண்டாம் என்று நான்தான் அதை இங்கேயே நிறுத்தி வைத்திருந்தேன். கல்யாண நாளுக்குக் கட்டிக்கொள்ளட்டும் என்று அவள் அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி வைத்தேன். பெட்டியை மூட அதன்மேல் உட்கார வேண்டியிருந்தது. செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் கனம் தாங்காமல் ஒரு சக்கரம் உடைந்து கழன்றது. மீதி வழியெல்லாம் அதை இழுத்துக்கொண்டுதான் போனேன்.

தூத்துக்குடியில் விடிகாலையிலேயே உடம்பு கசகசத்தது. குளித்துவிட்டு வந்து தலை துவட்டுவதற்குள் முதுகு நனைந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் அந்த வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. கடல் பக்கத்து ஜன்னலைத் திறக்கப் போனேன். "வேணாம்மா, அவருக்குப் புடிக்காது. எதிர் வீட்டுக்காரங்க பாப்பாங்களாம்" என்றாள். ஏசி இருந்தது. அவர் வந்த பிறகுதான் அது ஓடும்.

மருமகன் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பெருமையாகத் தரையில் பரப்பினேன். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பட்டை அவள் மடியில் வைத்தபோது முகம் என்னவோ போல் ஆகிவிட்டது.

"காலியாதானம்மா எடுத்துக்கினு வரச் சொன்னேன்."

"பொண்ணு வீட்டுக்குக் காலிப் பெட்டியோட யாராவது வருவாங்களாடி?"

அவள் புடவையைச் சுற்றியிருந்த வேட்டித் துணியை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "உன் கூடவே வந்துடலாம்னு இருந்தேம்மா."

அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். போன் சாயங்காலமானால் அவர் கைக்குப் போய்விடும். யாரோடு என்ன பேசினாள் என்று பார்ப்பார். வேலைக்கு ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள், இவரே அவர்களுக்குப் போன் செய்து வரமாட்டாள் என்று சொல்லிவிட்டார். கடைத்தெருவுக்குக்கூட அவரோடுதான். எல்லாம் கேட்டுவிட்டு நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"அடிக்கிறாரா?"

"அதெல்லாம் இல்லம்மா."

அப்பாடா என்று இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அந்த நிமிஷம் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதை அவள் பார்த்தாள். அதன் பிறகு நான் சொன்னதெல்லாம் எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். புதுசில் அப்படித்தான் இருக்கும், ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும், கொஞ்சம் அனுசரித்துப் போ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையைத்தான் அன்று முழுக்கச் செய்தேன். ஊரில் என்ன சொல்வார்கள், கடையில் எந்த முகத்தோடு நிற்பேன் என்பதெல்லாம் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. அவள் "சரிம்மா" என்று வடாமை எடுத்து டப்பாவில் போட ஆரம்பித்தாள்.

பத்து நாள் இருந்தேன். அந்தப் பத்து நாளில் வடாம் நமத்துப் போய்விட்டது. எண்ணெயில் போட்டால் பொரியாமல் சுருண்டது. அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை.

கிளம்புகிற அன்று பெட்டியை அவளே அடுக்கினாள். "காலியா அனுப்பக் கூடாது இல்லம்மா" என்று சொல்லி அந்த ஊர் மக்ரூன் இனிப்பு இரண்டு பாக்கெட்டும் கொஞ்சம் கருப்பட்டியும் வைத்தாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. சாதாரணமாகத்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது கருப்பட்டிக்கு அடியில் கல்யாணப் பட்டு இருந்தது, அதே வேட்டியில் சுற்றி. பெட்டி ஊர் திரும்பிவிட்டது. அவள் அங்கேயே இருந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு இந்த ஒரு வருஷத்தில் அவள் பேச்சு தேய்ந்துகொண்டே வந்தது. "சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா" என்பதோடு முடிந்துவிடும். பங்குனி உத்திரத்துக்கு வருகிறேன் என்றாள், டிக்கெட்கூட எடுத்திருந்தாள். முதல் நாள் மருமகன் பேசினார். "அவளுக்கு உடம்பு முடியல அத்தை, அப்புறம் பாக்கலாம்." உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு வெயில் என்றார். நான் வரட்டுமா என்று போன மாதம் மகளிடம் கேட்டேன். "வாம்மா" என்றாள். என்ன எடுத்து வரட்டும் என்றேன்.

"ஒண்ணும் வேணாம்மா."

இந்தத் தடவை அவள் பெட்டி கேட்கவில்லை. அதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது. கேட்டுக் கிடைக்காததை ஒருத்தி எத்தனை தடவை கேட்பாள்? போன வருஷம் அவளுக்குத் தைரியம் இருந்தது, எனக்கு இல்லை. இந்த வருஷம் எனக்கு வந்திருக்கிறது, அவளுக்கு மிச்சம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் அவர் வீட்டில் இருக்கும்போதுதான் போனை எடுக்கிறாள். ஸ்பீக்கரில் எப்படிக் கேட்பது?

போன வாரம் பரண் மேலிருந்து பெரிய பெட்டியை இறக்கினேன். பேருந்து நிலையத்துப் பக்கம் பை தைக்கிறவரிடம் கொண்டுபோய்ச் சக்கரம் மாற்றச் சொன்னேன். ஒன்று மட்டும் மாற்றினால் கோணிக்கொண்டு போகும் என்று நாலையும் மாற்றிக் கொடுத்தார். கடையில் கூட வேலை செய்கிற அக்காவிடம், இதைக் காலியாகத்தான் எடுத்துப் போகப் போகிறேன் என்று சொன்னேன்.

"காலிப் பெட்டியோடயா? பொண்ணு வீட்டுக்கா? மருமவன் இன்னா நெனப்பாரு? ஒரு ரவிக்கைத் துணியாவது போடு."

"அவரு இன்னா வேணா நெனச்சிக்கட்டும் அக்கா."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நெருக்கிக் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். என்றைக்கானாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் சொல்வது வேறு, செய்வது வேறு. இன்று காலையிலிருந்து மூன்று தடவை பெரிய பெட்டியில் எதையாவது வைத்து, பிறகு எடுத்திருக்கிறேன். முதலில் ஒரு மஞ்சள் கிழங்கு. அப்புறம் மோர்மிளகாய், அவளுக்குப் பிடிக்கும் என்று. மூன்றாவது தடவை வைத்ததை எடுக்கும்போது எனக்கே கோபம் வந்துவிட்டது. பெற்ற மனம் பித்து என்பார்கள். என் மனதுக்குக் கூடவே பிடிவாதமும் இருக்கிறது. கடைசியில் அலமாரியைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, மருமகனுக்கு விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டதும் மகளுக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கர்தான், ஏசி ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது.

"நாளைக்குக் கெளம்பறேம்மா. நாலு காட்டன் பொடவை வச்சிருக்கிறேன். துண்டு, விசிறி, அவ்ளோதான்." தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன். "பெரிய பெட்டியையும் எடுத்துக்கினு வரேன். காலியா எடுத்துக்கினு வரேன்."

மருமகன்தான் கேட்டார்.

"காலிப் பெட்டி எதுக்கு அத்தை?"

"உங்க ஊர்ல பீரோல துணியெல்லாம் பூசணம் புடிக்குதாமே மாப்ள. கொஞ்சம் துணிய இங்க கொண்டாந்து வச்சிடலாம்னு."

போன வருஷம் அவள் சொன்ன அதே வார்த்தைகள். அவளுக்கு ஞாபகம் இருக்கும், இருக்க வேண்டும் என்று கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மருமகன் சிரித்தபடி, "துணிக்காக இவ்ளோ தூரம் பெட்டி தூக்கிக்கினு வரீங்களா?" என்றார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று பயமாக இருந்தது.

அப்புறம் அவள் குரல் வந்தது. சின்னதாக, ஆனால் தெளிவாக.

"சக்கரம் நல்லா உருளுதாம்மா?"

"நாலையும் மாத்திட்டேன்" என்றேன். "நல்லா உருளுது."